உப்புத் தெரியாத சமையல்காரி

முன்னொரு காலத்தில் செம்மேட்டு நாட்டை மகரத்துவசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்ததுதான் சட்டம். அரண்மனை வேலைக்கு யார் வந்தாலும், "உன்னிடம் என்ன குறை?" என்று கேட்பான். உள்ளதைச் சொன்னவனை வெளியே அனுப்பிவிடுவான். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் பதிலை நன்றாக உருப்போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மடைப்பள்ளித் தலைமைக்கு ஆள் எடுத்த அன்று, மந்திரி அம்பலவாணரின் மச்சினன் சிதம்பி முதலில் வந்து நின்றான். "வேலையில் இறங்கிவிட்டால் எனக்குப் பசியே தெரியாது மகாராஜா. அதுதான் என் குறை" என்றான். தொப்பையில் வேட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது, அதை விடுங்கள்.

அடுத்து வந்தவள் வடிவம்மை. கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைத்தவள். ஒரு விஷக்காய்ச்சலில் நாக்கு செத்துப்போக, அதன்பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இந்த வேலையும் இல்லையென்றால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டினிதான். ஒரு பொய் சொன்னால் போதும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அடுப்பு விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்று வீம்பாக வந்திருந்தாள்.

"எனக்கு உப்புத் தெரியாது மகாராஜா" என்றாள்.

சபை சிரித்தது. "பிறகு எந்தத் தைரியத்தில் வந்தாய்?" என்றான் ராஜா.

"சமைக்கத் தெரியும் என்கிற தைரியம்தான். ஒரு வேளை சமைத்துப் போடுகிறேன். உப்புப் பிசகினால் நாட்டைவிட்டே போகிறேன்."

ராஜாவுக்கு அந்த வீம்பு பிடித்துப்போனது, சரி என்றான். அம்பலவாணருக்கோ வயிறு எரிந்தது. மேற்பார்வை பார்ப்பதுபோல மடைப்பள்ளிக்குள் நுழைந்தார். அவள் இலை எடுக்கத் திரும்பிய நேரம், இறக்கிவைத்த புளிக்குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு நல்லபிள்ளையாக வந்து உட்கார்ந்தார்.

இலை போட்டாயிற்று. வடிவம்மை ராஜாவைத் தாண்டி நேரே மந்திரியிடம் போனாள். "இன்னொருவர் வாயில் படாமல் என் சமையல் இலைக்கு வராது. இறக்கும்போது ஒரு தரம், பரிமாறும் முன் ஒரு தரம். நீங்கள் ஒரு வாய் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா."

உப்பு என்று சொன்னால் அவள் சரிசெய்துவிடுவாளே! மந்திரி ஒரு கரண்டியை விழுங்கிவிட்டு, "அருமை" என்றார்.

"நாக்கு போனதிலிருந்து நான் முகம் பார்த்துத்தான் சமைக்கிறேன். உங்கள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது" என்ற வடிவம்மை ராஜாவிடம் திரும்பினாள். "இறக்கும்போது உங்கள் மடைப்பள்ளி விறகுக்காரர் ருசி பார்த்துச் சரியென்றார். அதற்குப் பிறகு உள்ளே வந்தவர் இவர் ஒருவர்தான் மகாராஜா."

ராஜா விரலால் தொட்டு வாயில் வைத்துத் தூவென்று துப்பினான். "அருமை என்றீரே, பானையோடு உமக்குத்தான்" என்றான். அம்பலவாணர் சாப்பிட உட்கார்ந்தார். சிதம்பியைக் காணோம்.

"மடைப்பள்ளி இனி உன்னுடையது" என்ற ராஜா, "எனக்கும் ஏதாவது குறை இருக்குமே, சொல்லு" என்றான்.

"வேலை உறுதிதானே?"

"உறுதி."

"தங்கள் குறையை உள்ளபடி சொன்னவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டீர்கள். உள்ளே மிச்சம் இருப்பது யாரென்று பாருங்கள்."

ராஜா சபையைத் திரும்பிப் பார்த்தான். ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. மறுநாள் காலையில் ஊரெல்லாம் பறை அறைந்தார்கள்: குறை உள்ளவர்கள் அரண்மனை வேலைக்கு வரலாம்.