மாவூற்று அரண்மனையில் இரண்டு நாச்சியார்

கிட்டே வந்து உட்காருங்கள். கொஞ்சம் குழப்பமான கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதி காதில் விழாது. அப்புறம் என்னைக் கேட்டால் நானும் குழம்பிப் போவேன்.

மாவூற்று ஜமீன் அரண்மனைக் கூடத்தில், வடக்குச் சுவரில், ஜமீன்தாருடைய பூட்டியான நாச்சியாரின் படம் ஒன்று தொங்கும். அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த ஒரு பெரிய ஓவியர் எண்ணெய் வர்ணத்தில் எழுதியது. வெள்ளைப் பட்டு, முத்து மூக்குத்தி. படத்தின் மரச்சட்டத்தில், கிழக்கு மூலையில், ஒரு செதுக்குக் கிளி ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

அருளாந்து என்ற பையனுக்கு எண்ணெய் வர்ணம் படிக்க ஆசை. மெட்ராஸ் வாத்தியார் சொல்லிவிட்டார்: "பழைய பெரிய கை எழுதின படம் ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதிக் கொண்டுவா. கண்ணில் படுவதை எழுது, உன் புத்தியைக் கலக்காதே. தேறினால் சேர்த்துக்கொள்கிறேன்."

ஜமீன்தார் அனுமதி கொடுத்தார். தினமும் காலை வெயில் கிழக்கு ஜன்னலில் வந்ததும் உட்காருவான். பத்து மணிக்குத் தூரிகையைக் கழுவிவிடுவான். மேற்கு ஜன்னலைத் திறப்பதே இல்லை. அந்தப் பக்கம் புளியமரத்தில் குரங்குகள். மூக்குத்தி, கண், உதடு எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. தோளில் இருந்த சாம்பல் மடிப்புதான் படுத்தியது. அரை மணி கழித்துப் பார்த்தால் இடம் மாறின மாதிரி இருக்கும். கடைசியில் எட்டு மணிக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே முடித்தான். அது மாசி மாதம்.

ஜமீன்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. அதே மாதிரி கிளி வைத்த சட்டம் போட்டு, பின்னால் பலகை அறைந்து, இரண்டு சட்டத்துக்கும் ஒரே மெருகு பூசி, வர்ணம் நன்றாகக் காயட்டும் என்று பக்கத்திலேயே மாட்டிவைத்தார்.

அடுத்த மாசியில் பையன் புறப்பட வந்தான். பத்தரைக்கு ரயில், அன்றைக்கு விட்டால் வாத்தியார் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். ஆனால் முந்தின நாள்தான் வெள்ளையடித்தவர்கள் இரண்டு படத்தையும் இறக்கி மறுபடி மாட்டியிருந்தார்கள். எது எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

மணி எட்டு. வெயில் இரண்டு நாச்சியார் மேலும் ஒரே மாதிரி விழுகிறது.

"எதுடா உன்னுது?"

"இதுதான் எசமான்... இல்ல, அது. அந்த மடிப்பு... ரெண்டுலயும் இருக்கே!"

"பெத்த பிள்ளைய அடையாளம் தெரியாதவன் நீ ஒருத்தன்தான்டா!" என்றார் ஜமீன்தார். பிறகு அவரும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "எங்க பூட்டியைத் தூக்கிட்டுப் போனா நீ திருடன். தெரியலேன்னா ரெண்டும் இங்கேயே கிடக்கட்டும். பின்பலகை ஆணியைப் பிடுங்கிப் பார்க்கலாம்னு சொல்லாதே, சட்டம் பிளந்துடும்."

பையன் கண் கலங்கிவிட்டது.

கூடம் கூட்டுகிற காத்தாயி விளக்குமாற்றை ஓரமாக வைத்தாள். "எசமான், படத்தை நான் தொடக்கூட மாட்டேன். சொல்லட்டுமா?"

"நீ என்னத்தைக் கண்டே?"

"உங்க ரெண்டு பேருக்கும் படம் தெரியுது. பொழுது தெரியல. இருபது வருஷமா இந்த ஜன்னலைத் திறக்கிறவ நான்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். படத்தைத் தொடாமல் காத்தாயி எப்படிக் கண்டுபிடித்தாள்?

தெரியவில்லையா? கிழக்கு ஜன்னலைச் சாத்தினாள். மேற்கு ஜன்னலைத் திறந்தாள். ஒரு நாச்சியார் தோளில் இருந்த மடிப்பு மாயமாகிவிட்டது; அது மடிப்பே இல்லை, கிளியின் நிழல். இன்னொரு நாச்சியார் தோளில் அது அசையாமல் இருந்தது, ஏனென்றால் அங்கே பையன் நிழலையும் வர்ணத்தில் எழுதியிருந்தான். மாசியில் எட்டு மணிக்கு நிஜ நிழலும் அதே இடத்தில் விழுந்ததால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. "கண்ணுல பட்டதை எழுதச் சொன்னாங்க, எழுதிட்டே. உன்னுது அதுதான் சாமி, எடுத்துக்கிட்டு ஓடு" என்றாள் காத்தாயி. ஜமீன்தார் வாயைத் திறந்தபடி நிற்க, குரங்கு உள்ளே குதிப்பதற்குள் மேற்கு ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.