எருமைக்கு வைத்த பொட்டு

முன்னொரு காலத்தில் கூவிளநாட்டைப் பொற்கோமான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். வரி வசூலித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவனுக்குப் பொழுதே போகாது. அப்படி ஒரு வெறும் பொழுதில்தான் ஆஸ்தானப் புலவர் அலங்காரவல்லவர் அவன் காதைக் கடித்தார்.

"பிரபோ, 'அழகு' என்ற சொல்லைச் சந்தையில் போட்டு மிதிக்கிறார்கள். கத்தரிக்காயும் அழகாம், கடா மாடும் அழகாம்!"

மறுநாளே சட்டம் வந்துவிட்டது. முத்துப் பல், கார்மேகக் கூந்தல், நூலிடை, அன்னநடை. இவை இல்லாத எதையாவது அழகு என்று சொன்னால் சொத்து பறிமுதல்.

முதலில் மாட்டிக்கொண்டவள் மோர் விற்கும் காத்தாயி. எருமையைக் குளிப்பாட்டும்போது, "என் அழகு ராசாத்தி" என்று கொஞ்சினாளாம். சேவகர்கள் எருமையை ஓட்டிவந்து அரண்மனை வாசலில் கட்டிவிட்டார்கள்.

"சாமீ, அது போனா எம் புள்ளைங்க பட்டினிதாங்க!" என்று சபையில் விழுந்து அழுதாள்.

அமைச்சர் தாண்டவராயருக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆனால் ராஜாவிடம் நேரே 'தப்பு' என்றால் தன் தலை தப்பாது. சட்டென்று, காலையில் அந்தப்புரத்தில் பார்த்த காட்சி நினைவுக்கு வந்தது.

"புலவரே, இன்னொரு வழக்கும் இருக்கிறது. ஓர் ஆள். வாயில் ஒரு பல் கிடையாது, தலை மொட்டை, தொப்பை முன்னால் தள்ளி நிற்கிறது. நடக்கவும் வராது. எச்சில் வேறு ஒழுகும். அவரை ஒருவர் தினமும் 'அழகே, அழகே' என்கிறார்."

"சீச்சீ! சொன்னவன் எவனாக இருந்தாலும் கழுதைமேல் ஏற்றுங்கள்!"

தாண்டவராயர் கை தட்டினார். தாதி கைக்குழந்தையான இளவரசனைத் தூக்கிவந்தாள். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. அதே மை ராஜாவின் விரலிலும் இருந்தது.

"அழகில்லாத பிள்ளைமேல் யார் கண் படப்போகிறது, மகாராஜா? பொட்டு எதற்கு?"

ராஜா விரலை மறைக்கப் பார்த்தான். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான்.

சட்டம் ஒழிந்தது, எருமை வீடு திரும்பியது, அமைச்சர் கழுத்தில் முத்துமாலை ஏறியது. புலவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. "தினமும் விடிந்ததும் போய் அந்த எருமைக்குத் திருஷ்டிப் பொட்டு வையும். பொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும்!"

கன்னங்கரேலென்ற எருமையில் கறுப்பு மை எங்கே தெரியும்? புலவர் கொம்பிலிருந்து வால்வரை தேடினார். உதை வாங்கினார், சாணியில் வழுக்கினார். ஒருநாள் தாடையைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் வெள்ளையாக ஒரு சின்னத் திட்டு.

"அடடா, என்ன அழகு!" என்றார் தன்னை மறந்து.

காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெல்லப் பேசுங்க சாமி. யாராச்சும் கேட்டா உங்க சொத்தைப் பறிச்சிடப் போறாங்க!"