இரண்டில் ஒரு பேட்டரி

அநியாயம் நடந்தது ராபியத்தம்மாவுக்கு. புது பேட்டரி போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை கரண்ட் போனதும் வீட்டு யுபிஎஸ் பத்தே நிமிடத்தில் கீச்சிட்டு நின்றுவிட்டது. அவர் கணவருடைய ஆக்சிஜன் மிஷினும் கூடவே நின்றது. கரண்ட் திரும்பி வருவதற்குள் மனிதரின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நாளைக்கோ மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் இரண்டு வரை அந்தத் தெருவுக்கே மின்சாரம் கிடையாது.

அந்த பேட்டரியை வாங்கி மாட்டியவர் தேவசகாயம். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தன் மகள் வயதுள்ள குணவதியிடம் யுபிஎஸ் வேலை பழகுகிறவர். குணவதி ஊரில் இல்லாத வாரத்தில் தனியாகச் செய்த முதல் வேலை அது.

ஆட்டோவில் வரும்போதே கொதித்தார். "வித்தவனைச் சும்மா விடக் கூடாது டீச்சர். நோயாளி வீடுன்னு தெரிஞ்சே சொத்தைச் சரக்கைத் தள்ளியிருக்கான். சட்டையைப் பிடிச்சாத்தான் புத்தி வரும்."

"பிடிக்கலாம் அண்ணாச்சி. முதல்ல ஸ்பேனரைப் பிடிங்க."

அந்த யுபிஎஸ்ஸுக்கு இரண்டு பேட்டரி. ஒன்று அவர் போட்ட புதுசு. மற்றது ஐந்து வருடப் பழசு. குணவதி இரண்டையும் பிரித்து மீட்டர் வைத்தாள். இரண்டும் பன்னிரண்டரை வோல்ட் காட்டின.

அடுத்து, பழசில் ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டினாள். முள் சரசரவென்று ஒன்பதுக்கு இறங்கியது. புதுசில் மாட்டினாள். அசையவில்லை.

தேவசகாயம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "அப்போ புதுசு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. கூட்டாளி படுத்தா யுபிஎஸ் ரெண்டையும் சேர்த்து நிறுத்திரும்."

ஆட்டோவிலிருந்து வேறு இரண்டு பேட்டரிகளை இறக்கச் சொன்னாள். மூடிவிட்ட ஒரு ஜெராக்ஸ் கடையில் ஜோடியாகக் கழற்றியவை.

"பழசா! இந்த வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே வயசு. நேத்து ஆறு மணி நேரம் லோடு போட்டுப் பார்த்தாச்சு."

மாட்டி முடித்து மெயினை அணைத்தாள். ஆக்சிஜன் மிஷின் நிற்கவில்லை.

ராபியத்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். குணவதி தடுத்தாள். "காசு வேண்டாம்மா, உங்க பேட்டரி ரெண்டையும் நான் எடுத்துக்கறேன். ஆனா இது ஒரு வருஷம்தான் ஓடும். அதுக்கு மேல என்னை நம்பாதீங்க. நாளைக்குப் பக்கத்துல ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கட்டும்."

தேவசகாயத்துக்கு அது பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏற்கெனவே பயந்து கிடக்கிற பொம்பளைகிட்ட இப்படியா மூஞ்சிக்கு நேரா சொல்றது? அன்னைக்கு ஒண்ணுக்குத்தான் காசிருக்குன்னு கண்ணைக் கசக்கினாங்க. பாவம், மனசு நோகக் கூடாதேன்னு, 'ஒண்ணே போதும்மா, நிம்மதியாத் தூங்குங்க'ன்னேன். அதுல என்ன தப்பு? அவங்களை ஏமாத்தினது யாரு, சொல்லுங்க டீச்சர்."

குணவதி பழைய பேட்டரியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை அவர் பிடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஒண்ணுக்குத்தான் காசிருக்குன்னு அவங்க உண்மையைச் சொன்னாங்க, அண்ணாச்சி. நீங்களும் உண்மையைச் சொல்லியிருந்தா, அந்த நாலு மாசமும் அவங்க தூங்கியிருக்க மாட்டாங்க. ஒரு சிலிண்டராவது வாங்கி வச்சிருப்பாங்க."