துணிக்கு வெளியே ஒரு மனை

மலையடிவாரத்தில் புதிதாக ஒரு சந்தை ஊர் கட்டும்படி அரசர் உத்தரவிட்டிருந்தார். சாயப்பட்டறை, செக்கு, தானியக் கிடங்கு எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தால் ஜனங்களுக்குப் பிழைப்பு பெருகும் என்பது அவர் எண்ணம். ஊரை வகுக்கும் வேலை வெள்ளிங்கிரியிடம் வந்தது. அவன் அந்த மேட்டிலும் பள்ளத்திலும் செருப்புத் தேய அலைந்து, எல்லாவற்றையும் ஒரு பெரிய துணியில் வரைந்து முடித்தான்.

ஒன்றுதான் பாக்கி. ஊரை வகுத்தவனின் குரு தனக்கென்று ஒரு மனையைத் தொட்டுக் காட்ட வேண்டும். முதல் முளைக்குச்சியை அங்கேதான் அடிப்பார்கள். அவர் காட்டாமல் வேலை தொடங்காது. அந்த நாட்டு வழக்கம் அப்படி.

குரு அம்பலவாணருக்கும் வெள்ளிங்கிரிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முழங்கால் வலியும் இருவருக்கும் பொது. குருவின் மடத்தில் மழை வந்தால் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும். அவரைத் தன் பக்கத்திலேயே குடிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது வெள்ளிங்கிரியின் நெடுநாள் ஆசை. அதற்காகவே குளக்கரையில், வேப்பமர நிழலில், ஒரு மனையை ஒதுக்கி வைத்திருந்தான்.

மடத்தின் மண்தரையில் துணியை விரித்தான். அரண்மனை அதிகாரி வெளியே வண்டியில் முளைக்குச்சிகளோடு காத்திருந்தார்.

குரு குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உப்பு வண்டி எந்தப் பக்கமா வருது?"

"மேற்கால இருந்துங்க சாமி. எதுக்க இன்னொரு வண்டி வந்தாலும் ஒதுங்கற மாதிரி அகலம் விட்டிருக்கேன்."

"சரக்க இறக்கிட்டுத் திரும்பறதுக்கு?"

"கிடங்குக்குப் பின்னால களம் இருக்குதுங்க. அங்கயே மாட்டுக்குத் தண்ணித் தொட்டியும்."

"செக்குச் சத்தம்?"

"பள்ளிக்கூடத்துக்குக் கேக்காதுங்க."

குரு தலையாட்டினார். "நல்லாப் பண்ணிருக்கே வெள்ளிங்கிரி. நெசமாச் சொல்றேன்."

அவர் இப்படிச் சொல்லி வெள்ளிங்கிரி கேட்டதே இல்லை. அவனுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, அவசரமாகக் குளக்கரையைத் தொட்டான்.

"உங்களுக்குன்னு இந்த மனைய வெச்சிருக்கேன் சாமி. வேப்பமரம் இருக்குது. எங்க வீடும் அடுத்ததுதான்."

குரு அதைப் பார்த்தார். பிறகு சாயப்பட்டறைத் தெருவில் விரலை வைத்தார். அங்கே கறுப்பு மையில் சாக்கடைக் கோடு தொடங்கியது. கோட்டைப் பிடித்துக்கொண்டே விரல் நகர்ந்தது. செக்குகளைத் தாண்டி, சந்தையைச் சுற்றிக்கொண்டு, சரிவில் இறங்கித் துணியின் ஓரத்துக்கு வந்தது. கோடு அங்கே முடிந்தது. விரல் நிற்கவில்லை. மண்தரையில் இன்னும் ஒரு சாண் தூரம் போய் ஓரிடத்தில் அழுந்தியது.

"எனக்கு இங்க குடு."

வெள்ளிங்கிரி சிரித்தான். குரு சிரிக்கவில்லை.

"அது நம்ம படத்துலயே இல்லைங்களே சாமி."

"அங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லைங்க. ஓடை. ஓடையோரமா ஒரு சின்ன ஊரு."

"தண்ணிக்கு என்ன பண்றாங்க?"

"ஓடைத் தண்ணிதாங்க."

"சரி. அந்த ஊர்லயே ஒரு குடிசை போட்டுக்கறேன். அதிகாரியக் கூப்பிடு, முளைய அடிச்சுரலாம்."

வெள்ளிங்கிரி எழவில்லை. வெளியே அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"இதே ஊருக்குள்ள வேற எந்த மனையக் கேட்டாலும் தர்றேங்க சாமி. என் வீட்டையே எடுத்துக்கங்க."

"எனக்கு அதுதான் வேணும்."

"அங்க நீங்க இருக்க முடியாதுங்க."

"ஏன் முடியாது? ஜனங்க இருக்கறாங்களே."

"உங்களக் கொண்டுபோய் அங்க வெக்க எனக்கு மனசு வராதுங்க சாமி."

குரு விரலில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார்.

"ஏம்ப்பா, உன்ர ஊர்ல இருந்து வர்ற தண்ணிதானே?"