சுற்றிலும் கறுப்பு

வண்ணார்பேட்டையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்த நவமணிக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் படிக்க வந்த பால்துரைக்கு ஐம்பது. டிவி ஷோரூமை மூடியதில் வேலை போய் வந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் கண்டுகொள்வதில்லை.

ஒருநாள் சுடலைமுத்து என்பவர் கனமான லேப்டாப் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மகன் இசக்கிராஜாவுடையது. கேம் ஆடுவதற்கென்றே ஆசைப்பட்டு வாங்கியது. பையன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான், மிச்ச நேரமெல்லாம் இதோடுதான் குடித்தனம் என்றார். கேமைத் திறந்தால் படம் திரை முழுக்க வருவதில்லையாம். நடுவில் சின்னதாக நிற்கிறதாம், சுற்றிலும் ஒரே கறுப்பாம்.

"அவன் வாயைத் திறந்து எதையும் கேக்க மாட்டான். தூங்குதான், தெரியாம எடுத்துட்டு வந்தேன். சாயங்கால டிரிப்புக்கு எந்திரிக்கதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. பாத்தா சந்தோசப்படுவான்."

பால்துரை வேலையில் உட்கார்ந்தார். அந்த மாதிரி லேப்டாப்பில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு இரண்டு இருக்கும். கேமுக்குப் பெரியது, மற்றதுக்குச் சின்னது. பெரியதன் செட்டிங்கை முழுக்கத் துழாவினார். படத்தை விரிக்கிற இடமே அதில் இல்லை. கார்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் இல்லை. மனுஷனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இவ்வளவு பெரிய கார்டுல இது கூட இல்லையா, மாஸ்டர்?"

"படத்தை வரையுதது பெரிசு. திரைக்குப் போற வயர் சின்னதுல இருந்துதான் போகுது. அங்க போய்த் தேடுங்க."

சின்னதன் செட்டிங்கைத் திறந்தார். அங்கேயும் காணோம். நவமணி தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள், முதலில் திரையின் ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டும், குறைத்தால்தான் அந்த வரியே கண்ணில் காட்டும் என்று. குறைத்தார். வந்தது. "திரை முழுக்க" என்று மாற்றிவிட்டுக் கேமைத் திறந்தார். ரோடும் காரும் மரமும் ஓரம்வரை நிறைந்துவிட்டன. சுடலைமுத்துவுக்கு முகமெல்லாம் பல். மகன் முழிக்கும்போது லேப்டாப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கிளம்பத் தயாரானார்.

"முன்னால அதுல என்ன போட்டிருந்தது?" என்றாள் நவமணி.

"'நடுவில் வை'ன்னு இருந்தது."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அது தானா அப்படி வராது, அண்ணாச்சி. நீங்க இவ்வளவு நேரம் தேடுன இடத்தைத் தேடிப் போயி, வேணும்னே வச்சிருக்கான்."

"எதுக்கு வைக்கான்? அவனுக்கென்ன கிறுக்கா?"

அவள் சுடலைமுத்துவிடம் திரும்பி, பையன் நடக்கையில் எதிலாவது இடித்துக்கொள்வானா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அவர் உற்சாகமாகிவிட்டார். அதை ஏன் கேக்கீங்க, அவன் சரியான அவசரக்குடுக்கை என்றார். வாசல் நிலையில் தோளை இடிப்பான். காலடியில் இருக்கும் குடத்தைத் தட்டிவிடுவான். பொழுது சாய்ந்து கரண்ட் போய்விட்டால் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டான். வேனில்கூட இடதுபக்கம் இரண்டு இடத்தில் நெளிந்திருக்கிறது. ஆட்டோக்காரன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை என்கிறானாம். இப்போதெல்லாம் எவன் பார்த்து ஓட்டுகிறான் என்று ஆட்டோக்காரர்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

நவமணி பால்துரையை உள்ளே கூப்பிட்டாள்.

"எங்க சின்ன மாமாவுக்கு இதே கண்ணுதான். டிவியை அறைக் கடைசியில வச்சுத்தான் பாப்பாரு. நடுவுல இருக்கது மட்டும் தெரியும், பக்கத்துல வாறது தெரியாது. இவனும் தெரியுத அளவுக்குப் படத்தைச் சுருக்கி வச்சிருக்கான்."

பால்துரைக்கு வேனும் அதில் ஏறுகிற பிள்ளைகளும்தான் முதலில் நினைப்பில் வந்தார்கள். வெளியே சுடலைமுத்து லேப்டாப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாம நினைக்கது தப்பா இருக்கலாமே, மாஸ்டர்."

"இருக்கலாம். டாக்டர் அப்படிச் சொல்லட்டும், எனக்கும் சந்தோசம்தான். அது வரைக்கும் அவன் வேனைத் தொடக்கூடாது."

"வேலை போயிரும்னு வீட்டுலயே மறைச்சு வச்சிருக்கான். இவரு மெஷினைப் பாக்கத்தான் நம்மகிட்ட வந்தாரு. மகனுக்குக் கண்ணு போகுதுன்னு எந்த வாயால சொல்லுதது?"

அவள் வெளியே போனாள். சுடலைமுத்துவை லேப்டாப் முன்னால் உட்காரச் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் பைனாகுலர் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் குழலாக மடக்கிக் கண்ணில் வைக்கச் சொன்னாள். இதென்ன விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

"என்ன தெரியுது, ஐயா?"

"நடு ரோடு மட்டும்தான் தெரியுது. ஓரமெல்லாம் போச்சே, தாயி."

நவமணி செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள். படம் சுருங்கி நடுவில் போய் நின்றது.

"ஆங், இப்ப சரியா இருக்கு. மொத்தமும் தெரியுதே," என்றார் சந்தோஷமாக.

பால்துரையால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் குனிந்துகொண்டார்.

"கையை எடுக்காதீங்க, ஐயா," என்றாள் நவமணி. "அப்படியே எந்திரிச்சு வாசல்ல நின்னு, ரோட்டைப் பாருங்க."