செவலைக்குட்டி வழக்கு

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை வாணகோவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதையே நம்பிவிடுவான். அவனோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டிச் சலித்துப்போனவர் மந்திரி பூதலிங்கர்.

ராஜாவின் வெள்ளைக் குதிரை சினையானது. மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த பண்டிதர் உமாபதி, "சினைக்காலத்தில் தாய் எதைப் பார்க்கிறதோ, குட்டி அதுபோலவே பிறக்கும்" என்று ஓதினார். அவ்வளவுதான்! லாயம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். லாயக்காரன் மாடக்கண்ணுவுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை.

பிறந்ததோ செவலைக்குட்டி.

"இவன் வெற்றிலை போட்ட வாயைக் குதிரை பார்த்துவிட்டது!" என்று பண்டிதர் குதித்தார்.

"இவனை நாடு கடத்துங்கள்!" என்றான் ராஜா.

முப்பது வருஷம் குதிரைகளோடு வாழ்ந்த மாடக்கண்ணு அழுதேவிட்டான். பூதலிங்கருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, "பண்டிதரே, தாங்களும் லாயத்துக்குப் போனதுண்டோ?" என்று கேட்டார்.

"போனதுண்டோவா? விடிந்தால் அடைந்தால் குதிரைக்கு நேரெதிரே நான்தான் உட்கார்ந்திருந்தேன்! இவன் வந்துபோனதெல்லாம் கொஞ்ச நேரம்."

"அப்படியானால் குதிரை அதிகம் பார்த்தது தங்கள் தலையைத்தான். அதில் ஒரு முடிகூட இல்லை. குட்டிக்கோ பிடரி மயிர் அடர்ந்திருக்கிறது. தொந்தியையும் காணோம். ஒன்று, தாங்கள் அங்கே உட்காரவேயில்லை; அரசரிடம் பொய் சொல்கிறீர்கள். இல்லை, தங்கள் சாத்திரம் பொய். எது என்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

சபை கொல்லென்று சிரித்தது.

"பின்னே குட்டிக்குச் செவலை எங்கிருந்து வந்தது?" என்றான் ராஜா.

மாடக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாய்க்குதிரையோட அப்பன் செவலைங்க, மகாராசா. குட்டி தாத்தனைக் கொண்டு பிறந்திருக்கு. லாயத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே" என்றான்.

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. குட்டியை மாடக்கண்ணுவுக்கே கொடுத்தான். லாயத்துச் சுண்ணாம்பையெல்லாம் பண்டிதரே சுரண்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

பிறகு மந்திரி பக்கம் திரும்பி, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, பூதலிங்கரே!" என்று கடிந்துகொண்டான்.

பதினோரு மாதமாக அதையேதான் சொல்லித் தொண்டை வறண்டுபோயிருந்த பூதலிங்கர், கும்பிடு ஒன்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.