புலியிடம் பயிற்சிக்குப் போன மந்தி

நாவல்குட்டைக் காட்டில் மந்திகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஒரே ஒரு பாடம்தான். புலி வந்தால் மரத்தின் மேலிருந்து எப்படிக் கத்துவது என்பதே அந்தப் பாடம்.

கேட்பதற்குச் சின்னப் பாடம்தான். ஆனால் வாத்தியார் மந்தி அதை மூன்று வருஷத்துக்கு இழுத்தது. முதல் வருஷம் புலியின் வரிகள். இரண்டாம் வருஷம் புலியின் வால், அதன் அசைவுகள். மூன்றாம் வருஷம் கத்தலின் வரலாறு. வாத்தியார் தன் வாழ்நாளில் ஒரு புலியைக்கூடப் பார்த்தது கிடையாது. பார்த்திருந்தால் இவ்வளவு நிதானமாகப் பாடம் நடத்தியிருக்காது.

மூன்றாம் வருஷக் கடைசியில் வாத்தியார் அறிவித்தது: "எல்லாரும் வெளியே போய் எங்கேயாவது பயிற்சி எடுத்துட்டு வாங்க! கையில சான்றிதழோட வரணும்!"

"பயிற்சி எங்க ஐயா கிடைக்கும்?" என்று கேட்டது வெடுக்கி. கடைசிக் கிளையில் உட்காரும் இளம் மந்தி அது.

"அதைத் தேடறதுதான் முதல் பயிற்சி!" என்று சொல்லிவிட்டு வாத்தியார் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டது.

வெடுக்கிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கோடை வந்தால் காட்டில் தண்ணீர் நிற்பது நாவல்குட்டையில் மட்டும்தான். மான்கூட்டம் முழுக்க அங்கேதான் வரும். அந்தக் கூட்டத்துக்குக் காவல் இருக்கும் மந்திக்குக் கரையில் நிற்கும் பெரிய நாவல் மரம் சொந்தம். பழம், நிழல், மரியாதை எல்லாம் உண்டு. அந்த வேலை கிடைக்காவிட்டால் மலைக்கோயில்தான் கதி. வெடுக்கியின் மாமா அங்கேதான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது.

"என் வேலைக்கு என்ன குறைச்சல்?" என்றது மாமா. "நேத்து ஒரே நாள்ல தேங்காய் மூடி, வாழைப்பழம், ஒரு மூக்குக்கண்ணாடி! நீயும் வந்துடு. இதுக்குப் படிப்பே தேவையில்லை!"

"மூக்குக்கண்ணாடியை வச்சு என்ன மாமா பண்ணுவீங்க?"

"அது தெரியலை. ஆனா பிடுங்கிட்டேன்ல!"

வெடுக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மான்கூட்டத்தைப் பார்க்கக் கிளம்பியது.

மான்கூட்டத்தின் தலைவி மருதாயி என்ற பெண்மான். அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டியை நக்கிக்கொண்டே வெடுக்கியை ஏற இறங்கப் பார்த்தது.

"காவல் பயிற்சிக்கு வந்திருக்கேம்மா. இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"முன் அனுபவம் இருக்கா?"

"அனுபவம் கிடைக்கும்னுதாம்மா வந்தேன்."

"அனுபவம் இல்லாதவங்களை நாங்க சேர்க்கறதில்லை. புலியைக் கிட்டத்துல பார்த்திருக்கியா?"

"இல்லைம்மா."

"பார்த்துட்டு வா!"

"கிட்டத்துல பார்த்துட்டு எப்படிம்மா திரும்பி வர்றது?"

"அது உன் சாமர்த்தியம்!" என்று சொல்லி மருதாயி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தொங்கிய முகத்தோடு திரும்பிய வெடுக்கியை வழியில் ஒரு காட்டுப்பன்றி பார்த்தது. அதன் பெயர் மண்டையன். மூக்கிலிருந்து வால்வரை சேறு. கிழங்கு தோண்டுவதை நிறுத்தாமலே விசாரித்தது.

"என்ன பொண்ணு, யார் அடிச்சா?"

வெடுக்கி விஷயத்தைச் சொன்னது.

"இவ்வளவுதானா! எங்க தலைக்கு மேல ஒரு மரத்துல உக்காந்துக்க. நாங்க பாட்டுக்குத் தோண்டுறோம். நீ பார்த்துக்க. தப்பாக் கத்தினாலும் திட்ட மாட்டோம். கொஞ்ச தூரம் ஓடிட்டுத் திரும்பி வந்துடுவோம்."

"சான்றிதழ் தருவீங்களா அண்ணே?"

"அது என்ன, திங்கிறதா?"

வெடுக்கி முகத்தைச் சுளித்தது. பன்றிக்குக் காவல் இருந்தேன் என்று சொன்னால் பள்ளிக்கூடத்து மரமே குலுங்கிச் சிரிக்கும். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று நழுவியது. பிறகு யோசிக்கவே இல்லை.

பாறைச் சந்தில் ஒரு நரி பயிற்சி மையம் நடத்திவந்தது. இதற்கு முன்னால் அதே சந்தில் கல்யாணத் தரகு பார்த்தது. அதற்கும் முன்னால் வைத்தியம். வெடுக்கியைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றது.

"வாம்மா வா! அனுபவம் இருக்கான்னு கேட்டு விரட்டிட்டாங்களா? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே! கவலைய விடு. நான் உனக்கு நேரா புலிகிட்டயே பயிற்சி வாங்கித் தர்றேன்!"

"புலிகிட்டயா? தின்னுடாதா?"

"பயிற்சிக்கு வந்தவங்களைத் தின்னா அப்புறம் யாரும்மா வருவாங்க? முடிச்சதும் தேக்கிலையில தன் காலைப் பதிச்சுச் சான்றிதழ் குடுக்கும். புலியோட கால்தடம்! அதைக் கொண்டுபோய்க் காட்டினா மருதாயி எழுந்து நிப்பா!"

"கட்டணம் எவ்வளவு?"

"இலவசம்!"

"ஏன் இலவசம்?"

"எல்லாம் ஒரு சேவைதான்!" என்று சொல்லி நரி நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கிக்கொண்டது. கேள்வி கேட்பதில் கெட்டிக்காரியான வெடுக்கி அந்த இடத்தில் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்ணுக்குள் தேக்கிலை ஆடிக்கொண்டிருந்தது.

புலி மூங்கில் புதருக்குள் படுத்திருந்தது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. கொஞ்ச நாளாகவே காட்டில் எங்கே போனாலும் ஏதாவது ஒரு மந்தி கத்திக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்த வயிற்றெரிச்சலெல்லாம் வெளியே தெரியாதபடி புலி சிரித்தது.

"வாம்மா. மரத்துமேலயே உட்காரு, பரவாயில்லை. ஒண்ணு கேக்கறேன். நல்ல காவல்காரிக்கு முதல்ல என்ன தெரியணும்?"

"கத்தத் தெரியணும் ஐயா!"

"இதுதான் பள்ளிக்கூடத்துல செய்யற தப்பு! முதல்ல அமைதியா இருக்கத் தெரியணும். நான் நடக்கும்போது நீ மேல உட்கார்ந்து கவனி. என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே. திறந்தா சான்றிதழ் கிடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா!"

பாடம் ஆரம்பித்தது. புலி புல்லுக்குள் ஊர்ந்தது. வெடுக்கி கிளைக்குக் கிளை தாவிக் கூடவே போனது. உண்மையைச் சொன்னால் நல்ல பாடம்தான். பதுங்கும்போது தோள் எப்படித் தாழ்கிறது, பாயும் முன்னால் வால் நுனி எப்படி ஆடாமல் நின்றுவிடுகிறது என்றெல்லாம் மூன்று வருஷத்தில் தெரியாதது ஒரே காலையில் தெரிந்துபோனது.

புல்வெளி முடிந்த இடத்தில் ஒரு பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. மண்டையன்தான். ஏதோ சரசரப்புக் கேட்டு அது தலையைத் தூக்கியது. ஓடுவதற்குக் காலைக்கூட எடுத்துவிட்டது. அப்போது மரத்தின்மேல் வெடுக்கியைப் பார்த்தது.

"அட, நம்ம பொண்ணு! வந்துட்டியா? நீ இருக்கேன்னா சரி!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மண்ணுக்குள் மூக்கை நுழைத்தது.

வெடுக்கிக்குத் தொண்டைவரை கத்தல் வந்துவிட்டது. புலி ஒரே ஒரு தடவை மேலே பார்த்தது. வெடுக்கி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. புலி பாய்ந்தது. மண்டையனுக்குச் சத்தம் போடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

மிச்சம் தின்ன நரி வந்து சேர்ந்தது. "அருமை! முதல் நாளே என்ன கட்டுப்பாடு!" என்றது வாய் நிறைய.

"அவர் செத்துட்டார்!" என்றது வெடுக்கி.

"இதுக்குப் பேர்தாம்மா செய்முறை வகுப்பு. படிக்கிற பிள்ளைங்க இதுக்கெல்லாம் மனசைப் போட்டு அலட்டிக்கக் கூடாது. நாளைக்கு ஒரு பாடம்தான் பாக்கி. முடிச்சதும் தேக்கிலை!"

வெடுக்கி சாப்பிடவில்லை. மண்டையன் தன்னைக் கண்டதால்தான் ஓடாமல் நின்றது என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. மந்தியே இல்லாத மரமாக இருந்திருந்தால் பன்றி பிழைத்திருக்கும். அதை நினைக்க நினைக்க வெடுக்கிக்குத் தன்னையே பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் போனது! ஒரு பாடம்தானே பாக்கி, பாதியில் விட்டால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்று மனசு சமாதானம் சொன்னது. இப்படிச் சமாதானம் சொல்வதற்கு மனசுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படுவதில்லை.

கடைசிப் பாடம் நாவல்குட்டையில்! காற்று மான்கள் பக்கமிருந்து வீசியது. அதனால் புலியின் வாடை அவற்றுக்கு எட்டவில்லை. கோரைப்புல்லுக்குள் புலி வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. வெடுக்கி கரையோர நாவல் மரத்தில் உட்கார்ந்தது. ஆம், அதே மரம். பழம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.

மருதாயி தண்ணீருக்கு வந்தது. கூடவே குட்டி. தண்ணீர் பக்கத்தில் போகப் பயந்து குட்டி அம்மாவின் கால்களுக்கு நடுவில் ஒளிந்தது. மருதாயி சுற்றிலும் பார்த்தது. கடைசியாக மேலே பார்த்தது.

"பயப்படாம குடிடா கண்ணு. மேல மந்தி உக்காந்திருக்கு. ஏதாவது இருந்தா கத்தியிருக்கும்."

குட்டி முன்னால் வந்து தண்ணீரில் வாயை வைத்தது. கோரைக்குள் புலியின் தோள் தாழ்ந்தது. வால் நுனி ஆடாமல் நின்றது.

வெடுக்கி கத்தியது!

மூன்று வருஷம் படித்த கத்தல் ஒன்றும் அப்போது ஞாபகம் வரவில்லை. வந்தது ஒரு காட்டுக்கத்தல். கேட்டிருந்தால் வாத்தியார் முட்டை மார்க்தான் போட்டிருக்கும். ஆனால் மான்கள் மார்க் போடவில்லை, ஓடின. மருதாயி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரே தாவலில் மேட்டில் ஏறியது. பாய்ந்த புலி நேராகச் சேற்றில் போய் விழுந்தது.

"துரோகி!" என்று உறுமியது புலி, மீசையெல்லாம் பாசியோடு. "இனி உனக்குச் சான்றிதழ் கிடையாது! உன் எதிர்காலமே போச்சு!"

"உங்க சாப்பாடும் போச்சுங்க ஐயா!" என்றது வெடுக்கி உச்சிக் கிளையிலிருந்து.

புலி சேற்றிலிருந்து எழுந்து, மிச்சத்துக்காகக் கரையில் காத்திருந்த நரியைப் பார்த்தது. பசியோடு பார்த்தது. வற்றிக் கிடந்த ஆற்றுக்கு அக்கரையில் அவசர வேலை இருப்பது நரிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் ஓடியது. புலி துரத்திக்கொண்டு போனது.

குட்டையில் அமைதி திரும்பியதும் மான்கள் ஒவ்வொன்றாக வந்தன. மருதாயி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. அதற்குக் கோபமா, நன்றியா என்று முகத்தில் தெரியவில்லை.

"அவ்வளவு நேரம் புலி பக்கத்துல வந்ததை நீ பார்த்துட்டுத்தானே இருந்தே?"

"ஆமாம்மா."

"முன்னாடியே ஏன் கத்தலை? உனக்கும் புலிக்கும் என்ன உறவு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாவல் மரம் கைக்கு வந்துவிடும். வெடுக்கி கீழ்க் கிளைக்கு இறங்கி வந்தது.

"புலிகிட்டப் பயிற்சிக்குப் போனேம்மா. சான்றிதழுக்காக. நேத்து வாயை மூடிட்டு இருந்தேன், மண்டையண்ணன் செத்துட்டார். என்னைப் பார்த்துட்டுத்தான் ஓடாம நின்னார். இன்னைக்குக் கத்தினேன், உங்க குட்டி உயிரோட இருக்கு. இவ்வளவுதாம்மா என் அனுபவம்."

மான்கள் முணுமுணுத்தன. "இவளை விரட்டுங்க!" என்றது ஒன்று. "புலியோட ஆளு!" என்றது இன்னொன்று. குட்டி மட்டும் கூட்டத்தை விட்டு வந்து மரத்தடியில் உதிர்ந்த பழத்தை முகர்ந்துகொண்டிருந்தது. வெடுக்கி மரத்தை விட்டு இறங்கி மலைக்கோயில் பக்கம் நடக்கத் தொடங்கியது.

"நில்லு!" என்றது மருதாயி. "நல்லாக் கத்துவேன்னு சொல்லிட்டு எத்தனையோ பேர் வந்தாங்க. எப்போ கத்தாம இருந்தேன்னு சொன்னவ நீ ஒருத்திதான். அன்னைக்கு உன்னைப் புலியைப் பார்த்துட்டு வான்னு அனுப்பினதும் நான்தானே! நாளைக்கு விடியறப்போ வந்துடு."

வெடுக்கி அங்கேயே உட்கார்ந்து அழுதது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "வர்றேம்மா. ஆனா பன்றிகளுக்கும் சேர்த்துத்தான் கத்துவேன்!"

"பன்றிகளுக்கா?" என்று மான்கள் மூக்கைச் சுருக்கின. ஆனால் காவலுக்கு வேறு ஆள் தேடிப் போக எந்த மானுக்கும் மனசில்லை. அதனால் ஒப்புக்கொண்டன.

அந்த வாரமே பள்ளிக்கூடத்து வாத்தியார் தன்னிடம் படித்தவர்கள் அனைவருக்கும் வேலை உறுதி என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு திரிந்தது. அக்கரையில் நரி ஒரு புதுப் பயிற்சி மையம் திறந்தது. "மான்கூட்டத்தின் காவல்காரி வெடுக்கி பயின்ற ஒரே இடம்! முற்றிலும் இலவசம்!" என்று ஊளையிட்டு ஆள் சேர்த்தது. வாசலில் இளம் மந்திகள் வரிசை கட்டி நின்றன. வெடுக்கி நாவல் மரத்து உச்சியில் நின்று அக்கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. வரிசையில் பாதி திரும்பிப் பார்த்தது. மீதிப் பாதி, வேலை கிடைத்தவள் பொறாமையில் கத்துகிறாள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனது.

நீதி: இலவசமாகப் பயிற்சி தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும், நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் வயிறு நிறைகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.